ஜெராரின் துப்பாக்கி

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
12 செப்டெம்பர் 2004

அன்பின் மரியதாசன்,

இங்கே எல்லோரும் சுகம். ஒட்டாவாவுக்குக் குடிபோனபின் நீ ஒரு வரிகூடப் போடவில்லை என்ற கோபம்தான் பாக்கி.

எங்கள் பழைய ஃபோர்மன் ஜெரார் தன் வேட்டைத் துப்பாக்கியை எனக்கென்று சொல்லிவிட்டுச் செத்திருக்கிறார். கடைசி மாதங்களில் நான் அவரைக் காரில் ஆசுபத்திரிக்கு ஏற்றி இறக்கியதற்காம். அவர் மனைவி செலீன் கொண்டுவந்து தந்தார். லைசென்சும் எடுத்துவிட்டேன். சுடலாமா என்று நீதான் சொல்லவேண்டும். தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, குழலைப் பின்னால் அடைக்கிற போல்ட்டைக் கழற்றி, குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வாய்ப்பக்கம் கறுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. மரக்கட்டையில் மெல்லிய கோடு. வீட்டில் தாட்சாயினி வழக்கம்போல, "உந்தச் சனியன் வீட்டுக்கை வேண்டாம்" என்கிறாள்.

உன்
பேரின்பநாதன்

ஒட்டாவா
20 செப்டெம்பர் 2004

அன்பின் பேரின்பம்,

எட்டு வருடம் மூஸ் மான் வேட்டைக்கு அவர் பின்னால் மூட்டை சுமந்தவன் நான். கார் ஓட்டியவனுக்குத் துப்பாக்கி! நடக்கட்டும், உனக்குச் சுக்கிரதிசை.

ஆனால் அது முடிந்த சாமான். கறுப்பென்றால் துரு குழலைத் தின்றுவிட்டது. கட்டையும் வெடித்திருக்கிறது. சுட்டால் போல்ட் பின்னால் வந்து முகத்தில் அடிக்கும். தொந்தரவென்றால் எனக்கு அனுப்பிவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

மரியதாசன்

பியர்பொன்ட்ஸ்
3 ஒக்டோபர் 2004

அன்பின் மச்சான்,

நீ சொல்லியிராவிட்டால் என் முகம் போயிருக்கும். செவ்வாய்க்கிழமை பொலிசில் ஒப்படைத்துவிட்டேன். உருக்கிவிடுவார்களாம். முதலில் உனக்கு அனுப்பத்தான் நினைத்தேன். நீ பிள்ளைகுட்டிக்காரன், எனக்கு ஆபத்தான ஒன்றை உன் வீட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை.

"மரியதாசன் அண்ணைதான் எங்களைக் காப்பாத்தினவர்" என்று தாட்சாயினி பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

உன்
பேரின்பம்

ஒட்டாவா
19 ஒக்டோபர் 2004

பேரின்பம்,

தொலைபேசியில் சொல்லத் தைரியம் வரவில்லை.

அந்தக் கறுப்பு வெறும் வெடிமருந்துக் கரி. கரைசல் விட்டு, பிரஷால் நாலுதரம் இழுத்து, கொஞ்சம் எண்ணெய் பூசியிருந்தால் போதும். கோடு வார்னிஷில் விழுந்த கீறல். படகிலிருந்து இறக்கும்போது நான்தான் இடித்தேன், ஜெரார் ஒரு வார்த்தை ஏசவில்லை.

துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. அவர் சாகும்போது உன்னை நினைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஏழு மாதம் படுத்துக் கிடந்தவரை நான் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பொலிசில் ஒப்படைத்ததாக உன் கடிதம் வந்தபோது, அந்தத் துப்பாக்கியை வைக்கப் பூட்டுப்போட்ட அலுமாரி ஒன்றை நிலவறைச் சுவரில் பொருத்திக்கொண்டிருந்தேன்.

செலீன் கேட்டால் துப்பாக்கி பழுதென்று சொல்லிவிடாதே. மரியதாசன் பொறாமையில் பொய் சொன்னான் என்று சொல்.

மரியதாசன்