காலியாக வந்த சாப்பாட்டு டப்பா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாகத்தான் இருப்பீர்கள். பேத்தி சிட்டு நலமா என்று மட்டும் கேட்கமாட்டேன், அவள் நலமாக இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தானே வண்டி ஏறினேன்.

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டேன் என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பேன், மாப்பிள்ளை முன்னால் வேண்டாமே என்றுதான் வந்தேன். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். அதனால்தான் நம் மருந்துக்கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எழுதுகிறேன், முழுசாகப் படி.

நான் அங்கே வந்த அன்றைக்கே பெருமையாகச் சொன்னாய், முன்னெல்லாம் சிட்டுவின் டப்பாவில் பாதிச் சாப்பாடு திரும்பி வரும், நான் போட்ட சத்தத்தில் இப்போது துடைத்து வைத்த மாதிரி வருகிறது பாருங்கள் அப்பா என்று. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பிள்ளையைத் தூக்கினால் கையில் கனமே இல்லையே என்று நெருடிக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை அவள் மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மதிய இடைவேளை, மற்ற பிள்ளைகள் எல்லாம் வெளியே கத்திக்கொண்டு ஓடுகின்றன, இவள் மட்டும் வகுப்பில் தனியாகக் குனிந்து கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுதத் தெரியாமல் திணறவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதுகிறாள், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறாள், அவ்வளவுதான். முடித்துவிட்டு வெளியே வந்தவள் என்னைக் கவனிக்கவில்லை. நேராகக் கை கழுவுகிற தொட்டிக்குப் போய்ப் பக்கத்தில் இருந்த குப்பைக்கூடையில் டப்பாவைக் கவிழ்த்தாள். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பிறகு டப்பாவைக் குழாயில் கழுவி, சட்டை ஓரத்தில் துடைத்து மூடினாள். ஆறு வயசுப் பிள்ளைக்கு இந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது? என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போய், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க தாத்தா, இப்ப மணி அடிச்சிரும், மிச்சம் வச்சா திட்டுவாங்க என்றாள்.

அதே வேகத்தில் டீச்சரிடம் போய், பச்சைப் பிள்ளையைப் பட்டினி போட உங்களுக்கு எப்படி மனசு வருது என்று கத்தினேன். அந்தப் பெண் திகைத்துப்போய், சாப்பிட்டுட்டு வந்து எழுதட்டும்னுதான் நான் விட்டிருந்தேன் சார், உங்க மகள்தான் நேர்ல வந்து, முடிக்காம எழுந்திரிக்க விடாதீங்க, அப்பத்தான் வேகம் வரும்னு சொன்னாங்க என்றாள். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் நடந்ததைச் சொன்னபோது நீ பதறுவாய் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் இருந்து கண்ணை எடுக்காமலே, இப்படி மெதுவா இருந்தா நாளைக்கு எல்லாரும் இவளை மிதிச்சிட்டுப் போயிருவாங்கப்பா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது என்றாய். சிட்டு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு யார் மிதிக்கப்போகிறார்களோ எனக்குத் தெரியாது. இன்றைக்கு மிதித்துக்கொண்டிருப்பது நீதான்.

மறுநாள் டீச்சரைக் கெஞ்சி, நானே பக்கத்தில் உட்கார்ந்து அவளைச் சாப்பிட வைத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் வாசலைப் பார்த்துக்கொண்டாலும் முழுக்கச் சாப்பிட்டாள். தினமும் இப்படியே முதலில் சாப்பிட விடுகிறேன், ஆனால் அம்மா வந்து ஒரு வார்த்தை சொல்லணும் என்கிறாள் டீச்சர். ஆபீசுக்கு லீவு போட்டாவது போய்ச் சொல். சிட்டுவைக் கண் டாக்டரிடமும் ஒருமுறை காட்டு, பலகை சரியாகத் தெரியாமல்கூட இருக்கலாம். காலையில் சீக்கிரம் சீக்கிரம் என்று பின்னாலேயே விரட்டுவதை நிறுத்து, அந்தச் சத்தத்தில் நானே செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தைப் போடாதீர்கள் என்று உன் அம்மா அழுகிறாள். போடத்தான் போகிறேன். கோபம் உன் மேல்தான், ஆசீர்வாதத்தில் குறை வைக்கமாட்டேன், மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். எடுத்ததும் சிட்டுவிடம் கொடுத்துவிடு. இந்த வாரம் என்னவெல்லாம் சாப்பிட்டாள் என்று அவளையே கேட்டுக்கொள்கிறேன். யோசித்து யோசித்துத்தான் சொல்வாள், சொல்லி முடிக்கும் வரை போனைப் பிடுங்காதே.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத
உன் அப்பா