தாத்தா விழுங்கிய ஏழு மாத்திரைகள்

அன்புள்ள டெஸ்ஸாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம், தாத்தா தேறிவருகிறார், உன் அலாஸ்காவில் பனி இளகத் தொடங்கிவிட்டதா, நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் கணப்பு அடுப்பு சரியாக எரிகிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று இது கிடைத்ததும் இரண்டு வரியாவது எழுது. போனில் பேசினால் பாதி வார்த்தை அறுந்து போகிறது, அதோடு இந்த விஷயத்தைப் போனில் சொல்ல எனக்கு வராது. தாத்தாவுக்குப் பல் எடுத்த அன்று நடந்ததில் பாதியைத்தான் உனக்குச் சொல்லியிருந்தேன். சொல்லாத பாதியால் சிஸ்டர் இமோஜீன் தான் செய்யாததற்கும் சேர்த்துப் பழி சுமக்கிறார், தாத்தா வீங்கிய தாடையோடு டாக்டரிடம் போக மாட்டேன் என்று இரண்டு வாரமாக உட்கார்ந்திருந்தார். அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

நம் ஊரில் யாரும் பல்லை ஒவ்வொன்றாக எடுப்பதில்லை, உனக்கே தெரியும். ஒவ்வொரு பல்லுக்கும் மலை தாண்டிப் போய்வர முடியாது என்று தாத்தாவும் மேல்வரிசையில் மிச்சமிருந்த ஒன்பதையும் ஒரே நாளில் எடுக்கச் சொல்லிவிட்டார். காத்திருக்கும் அறையில் ஒரு படிவம் கொடுத்தார்கள், என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு கேள்வி. பிரஷர் மாத்திரையை மட்டும் எழுதினார். நரம்பு மாத்திரை என்னாயிற்று என்று கேட்டேன். "அது மருந்தா? உங்கம்மா போனதுலேர்ந்து மனசு படபடன்னு வராம இருக்கப் போடறது. வியாதிக்குப் போடறதைத்தானே கேட்டிருக்கான்" என்றார். நாலு பேர் முன்னால் திருத்தினால் அவருக்குப் பிடிக்காது என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். அது முதல் தப்பு, சின்னதும் அல்ல.

டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை கைக்கு வர மருந்துக்கடையில் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். உன் அப்பா பிறகு வாங்கிவரட்டும் என்று கிளம்பிவிட்டோம். பாதி மலையில் மரத்துப்போன வாய் தெளிய ஆரம்பித்தது. தாத்தா வலி என்று சொல்கிற ஆள் இல்லை, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், கழுத்தெல்லாம் வியர்வை. என் கைப்பையில், இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு வேர் சிகிச்சை செய்தபோது மிஞ்சிய மாத்திரை நான்கு, அலுமினியத் தாளில் சுற்றிக் கிடந்தது. இரண்டைக் கொடுத்தேன், மற்ற இரண்டையும் தாளோடு அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். வருடா வருடம் கல்லூரியில் இந்த வகை மருந்து மூச்சை எப்படி மந்தப்படுத்துகிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவள்தான் கொடுத்தேன். பிறகு அவரை வீட்டில் இறக்கிவிட்டு மதிய வகுப்புக்குப் போய்விட்டேன்.

அதன்பின் நடந்ததில் யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. உன் அப்பா மருந்துக்கடைப் புட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். சர்ச்சில் எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடும் இமோஜீன், எந்த நோயாளியை யார் பார்த்துவர வேண்டும் என்ற பட்டியலை வைத்திருப்பவர், வாழைப்பழப் புட்டிங் கொண்டுவந்தார். இங்கே யாரும் மிஞ்சிய மாத்திரையைக் குப்பையில் போடுவதில்லை, உடம்பு சரியில்லாதவருக்குச் சாப்பாடு போகும்போது அதுவும் கூடவே போகும். அவரும் தன் இடுப்பு ஆபரேஷனில் மிஞ்சியதில் இரண்டைத் தாளில் மடித்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். என்னுடையது மஞ்சள், அவருடையது வட்டம், புட்டியில் இருந்தது நீளமான வெள்ளை, மூன்றும் ஒரே மருந்து. தாத்தா ஒன்று வலிக்கு, ஒன்று வீக்கத்துக்கு, ஒன்று காய்ச்சலுக்கு என்று தானே பிரித்துக்கொண்டார். ஆக என்னுடையது நாலு, இமோஜீனுடையது இரண்டு, டாக்டருடையது ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல், அதுவும் மூச்சை மந்தப்படுத்துகிற நரம்பு மாத்திரை. ஐந்து மணிக்கு நான் வந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது, அவர் மோவாய் மார்பில் இடித்தபடி கிடந்தார், உதடு நீலம், ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான் இருபதுவரை எண்ணினேன். ஆம்புலன்ஸ் ஆட்கள் மூக்கில் மாற்று மருந்தைப் பீய்ச்சியதும் எழுந்து உட்கார்ந்து, "எவன்டா என் மூக்குல தண்ணி விட்டது?" என்று அடிக்கக் கை ஓங்கினார்.

இதுவரை உனக்கு ஏறக்குறையத் தெரியும், என் நாலு மாத்திரை தவிர. ஆம்புலன்ஸில் வந்த பெண் என்னென்ன சாப்பிட்டார், எல்லாவற்றையும் காட்டுங்கள் என்று கேட்டாள். புட்டியைக் காட்டினேன், நரம்பு மாத்திரையைச் சொன்னேன், புட்டிங் பக்கத்தில் கிடந்த இமோஜீனின் தாளைக் காட்டினேன். என் தாள் காலியாகத் தட்டுக்கு அடியில் இருந்தது. அதை எடுத்து என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். யோசிக்காமல் செய்தேன் என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் யோசித்துத்தான் செய்தேன்.

ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தபால் நிலையத்தில் என் காதுபடவே ஒருவர், "சிஸ்டர் இமோஜீன் புட்டிங்கா? ரெண்டு கரண்டி போதும்பா, நேரா பரலோகம்தான்" என்றார், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. இமோஜீன் பட்டியலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு சர்ச்சுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இதற்கிடையில் தாத்தாவுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் சீழ் பிடித்துத் தாடை எலுமிச்சம்பழம்போல் வீங்கிவிட்டது, கீழே உள்ள ஆறையும் சீக்கிரம் எடுக்காவிட்டால் சீழ் ரத்தத்தில் கலந்துவிடும் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். நான் எவ்வளவு சொல்லியும் தாத்தா அசையவில்லை. "முப்பது வருஷம் சுரங்கத்துல காத்தைச் சோதிச்சவன் நான். எந்தக் காத்து ஆளைக் கொல்லும்னு தெரியாம ஒருத்தனையும் உள்ள விட்டதில்ல. இமோஜீன் குடுத்தது ரெண்டு. ரெண்டுல நான் சாக மாட்டேன், எங்கேயோ இடிக்குது. எதனால செத்துப் பொழச்சேன்னு தெரியாம மறுபடி அந்த நாற்காலியில உக்கார மாட்டேன், போ" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் அவர் வீட்டுச் சமையலறையில் வைத்துச் சொன்னேன். வீக்கத்தின்மேல் ஈரத்துணியை வைத்துக்கொண்டு கேட்டார். எத்தனை என்று கேட்டார், நாலு என்றேன். துணியை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "ஏம்மா, கார்ல நீ குடுத்ததே எனக்கு ஞாபகம் இல்ல. நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே" என்றார். ஆமாம் என்றேன். "சரி, டாக்டருக்குப் போன் போடு. ஆனா அதுக்கு முன்னாடி அவ வீட்டுக்குப் போ. எங்கிட்ட சொன்னது பாதிதான்" என்றார்.

போனேன். இமோஜீன் கதவைத் திறந்து உட்காரச் சொன்னார், காபி கொடுக்கவில்லை, அது இந்த ஊரில் வாசலிலேயே நிறுத்தியதற்குச் சமம் என்று உனக்குத் தெரியும். நான் சொல்லி முடித்ததும், "மூணு வாரமா நான் உங்கப்பா டெல்மரைக் கொல்ல இருந்தேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன் மார்லா. நீ படிச்சவ, நீ கைகாட்டினா சரியாத்தான் இருக்கும்னு நானே நம்பிட்டேன்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "நாலு பேர் முன்னாடி போன பேரை என் வீட்டு சோபாவுல உக்காந்து திருப்பித் தர முடியாது. ஞாயித்துக்கிழமை வா" என்றார். நான் சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை, கல்யாணம் சாவு தவிர. இந்த ஞாயிறு போகிறேன். எழுந்து நின்று எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடப் போகிறேன், அலங்காரமாகப் பேச எனக்குத் தெரியாது. அவரும் சாப்பாட்டோடு மாத்திரையையும் கொண்டுபோகும் பழக்கத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்தான், அதைச் சொல்லும் தகுதி எனக்கு வரச் சில காலம் ஆகும்.

தாத்தாவுக்கு நேற்று ஆறும் எடுத்தாயிற்று. படிவத்தில் நரம்பு மாத்திரையை முதல் வரியிலேயே எழுதினார். சிறுநீரகம் சோதித்துப் பார்த்து டாக்டர் சாதாரண வலி மாத்திரை இரண்டு வகையை மாற்றி மாற்றிப் போடச் சொல்லியிருக்கிறார், நேரம் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். வலிக்கிறது, வாய்க்கு வந்தபடி திட்டுகிறார், மூச்சு ஒழுங்காக வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், பனியில் தனியாகத் தூரம் போகாதே, நீ இருக்கும் இடத்தில் எல்லா நன்மையும் உனக்குக் கிடைக்கட்டும். ஒன்றே ஒன்று, மறக்காமல் செய். நீ கிளம்பும்போது மருந்துப் பெட்டியில் உன் கடைவாய்ப்பல் எடுத்தபோது மிஞ்சிய மாத்திரை ஆறை நான்தான் சுற்றி வைத்தேன், அங்கே அக்கம்பக்கத்தில் யாருக்காவது பல்வலி வந்தால் உதவும் என்றுகூடச் சொன்னேன். அதை நாளைக்கே ஊர் மருத்துவமனையில் கொடுத்துவிட்டு, கொடுத்துவிட்டேன் என்று எழுது. ஏற்கெனவே யாருக்காவது கொடுத்திருந்தால் இன்றே போய் அவரைப் பார்.

அன்புடன்,
அம்மா
மார்லா