நிறம் மாறுற மாதா

என்னங்க,

கலர் கண்ணாடித் துண்டுகளைச் சூளையில உருக்கி ஒட்டி, மூணு மாசமா நான் செஞ்ச மாதா படம் கோயில் ஜன்னலுக்கு வேண்டாம்னு கமிட்டியில முதல்ல கை தூக்கினது நீங்களாமே. கமிட்டியில இருக்கிற பிரிஜட் வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நேரா நின்னா முக்காடு நீலம், பக்கவாட்டுல நின்னா சிவப்பு. நிறம் மாறுற மாதா கூடாதாம்! முக்காட்டுக்கு வச்ச அந்த ரகக் கண்ணாடியோட குணமே அதுதான்னு உங்களுக்குத் தெரியும்தானே? வாயைத் திறந்தீங்களா?

படத்தை நம்ம பிடோக் வீட்டுச் சமையலறை ஜன்னல்ல மாட்டிட்டேன். நீங்க சாப்பிட உட்காருற நாற்காலியிலிருந்து நீலமாத்தான் தெரியும். அடுப்புக்கிட்ட நின்னாத்தான் சிவப்பு. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல நீங்க அங்க நின்னதே இல்ல.

நான் ஃபேரர் பார்க்ல இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போறேன். சோறு வேணும்னா இனிமே நீங்கதான் அங்க நிக்கணும்.

நின்னு பாருங்க.

உங்க வீட்டுக்காரி