இடது கை வெட்டிய அலகு

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாவது மீன்கொத்தியும் போச்சு. உடம்பு, வால், தலை எல்லாம் அச்சு அசலாக வந்திருந்தது. அலகுக்கு வந்ததும் இவர் கை நடுங்கி, நுனி பட்டென்று ஒடிந்தது. "மரம் சரியில்ல"ன்னார். "ஆமாங்க, ஈரம் போகல"ன்னு நானும் ஒத்து ஊதினேன். முப்பது வருஷமாக மரப்பறவை செதுக்குகிறவருக்கு ஈரம் தெரியாதா? கட்டை நன்றாகக் காய்ந்ததுதான் என்று பெயின்ட் அடிக்கிற எனக்கே தெரிகிறது.

மார்ச் 6, வெள்ளி

டாக்டர் இவரை ஒரு வட்டம் வரையச் சொன்னார். வட்டமா அது! நரம்புக் கோளாறாம். மாத்திரையில் கொஞ்சம் அடங்கும், முழுசாகப் போகாதாம். திரும்பி வரும்போது இவர் பேசியது ஒன்றே ஒன்று: "கொக்கு ஆர்டரை வேணாம்னு சொல்லிடாத."

மார்ச் 10, செவ்வாய்

யாரோ தோட்டத்தில் வைக்கக் கேட்ட கொக்கு. அலகு கோணல். இவர் குளிக்கப் போன நேரத்தில் நானே கத்தியை எடுத்து நேராக்கி, மேலே பெயின்டும் அடித்துவிட்டேன். திருட வந்தவள் மாதிரி மரச்சீவலை முந்தானையில் அள்ளிக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினேன்.

மார்ச் 14, சனி

"பரவாயில்ல, கை இன்னும் விட்டுப் போகல." கொக்கைப் பார்த்து இவரே சொல்லிக்கொண்டார். சாப்பிடும்போது பழைய கேலியெல்லாம் திரும்பிவிட்டது. நான் பெயின்ட் அடித்தால் காக்காகூடக் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்குமாம். சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய் அழுதேன்.

மார்ச் 15, ஞாயிறு

இன்னும் இரண்டு கொக்கு. அந்த அலகுகளையும் இவருக்குத் தெரியாமல் நானே நேராக்கினேன்.

மார்ச் 19, வியாழன்

மாட்டிக்கொண்டேன்.

வீட்டுக்குள் வைக்கிற பறவைக்கு நாங்கள் பெயின்ட் அடிப்பதில்லை, எண்ணெய்தான். கத்தித்தடம் அப்படியே தெரியும். அதை மறந்து இன்று குருவியின் அலகிலும் கை வைத்துவிட்டேன். இவர் கட்டைவிரலால் தடவினார். மறுபடி தடவினார். நான் இடது கைக்காரி, என் வெட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும் — இது ஏன் என் மரமண்டைக்கு எட்டவில்லை?

"இதோட எத்தன?"

"நாலு."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 20, வெள்ளி

நான் வைத்த காபி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

மார்ச் 24, செவ்வாய்

கத்திகளைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். "நல்லதுக்குத்தானேம்மா செஞ்ச"ன்னு மகள் போனில் சமாதானம் சொல்கிறாள்.

நல்லதுக்கா? இவர் தோற்கிறதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. எனக்காகத்தான் செஞ்சேன். மனுஷன் அந்த அஞ்சாறு நாள் எவ்வளவு சந்தோஷமா இருந்தாரு. அதையும் நானே பொய்யாக்கிட்டேனே.

ஏப்ரல் 2, வியாழன்

காலையில் என் மேஜைமேல் ஒரு மீன்கொத்தி, பக்கத்தில் பரணிலிருந்து இறங்கிவந்த கத்தி. வால், இறக்கை, கழுத்து எல்லாம் முடிந்திருந்தது. அலகு இருக்கவேண்டிய இடம் மட்டும் வெட்டாத கட்டை. அதன்மேல் பென்சில் கோடு. எத்தனை தடவை அழித்து அழித்துப் போட்டாரோ, அப்படியும் நெளிந்துதான் இருந்தது.

"கோட்ட விட்டு வெளிய போகாத"ன்னார், கதவருகில் நின்றபடி.

கத்தியை எடுத்தேன். கோடு நெளிந்த இடத்தில் நானும் நெளிந்தே வெட்டினேன். அலகு கொஞ்சம் கோணல்தான். கையில் வாங்கிக் கட்டைவிரலால் தடவினார். நேராக்கச் சொல்லவில்லை.