மலைக்கு முன்பே ஏற்றிய விளக்கு

நேற்று பேத்தி டிவியில் ஒரு கார்ட்டூன் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். கதாநாயகி ஒரு கப்பலுக்குத் தலைவி. கப்பலில் ஒரு கயிற்றைக்கூட வேறு யாரும் தொடக் கூடாது. மற்றவர்கள் போட்ட முடிச்சையெல்லாம் அவிழ்த்து, அவளே மறுபடி போடுகிறாள். நடுவில் அவள் சின்ன வயதைக் காட்டினார்கள். கூட விளையாடிய பிள்ளைகள் பொய் சொல்லி அவளை ஒரு தீவில் இறக்கிவிட்டு, படகிலிருந்து கைகொட்டிச் சிரிக்கிறார்கள்.

"இவ ஏன் பாட்டி எல்லாரையும் இப்படி அதிகாரம் பண்றா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். தெரியும். அவளுக்குச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது.

எழுபதுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயது. கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் நம் ஊரில் எந்த வீட்டிலும் விளக்கு ஏற்றுவார்கள். அதுவரை பெரியவர்கள் பட்டினி. எங்கள் வீட்டிலிருந்து மலை தெரியாது, எதிரில் மாடிவீடு மறைக்கும். அப்பா கோவிலுக்குப் போயிருந்தார். அம்மா அடுப்படியில் பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்சிக்கொண்டே, தெருவில் அரோகரா கேட்டதும் ஏற்றிவிடு என்று என்னிடம் சொல்லியிருந்தாள். கேட்டது. நாலைந்து பெண் குரல்கள். வாசலில் அடுக்கியிருந்த இருபத்தோரு அகலையும் ஏற்றிவிட்டு நிமிர்ந்தேன். தெருவில் வேறு எந்த வீட்டிலும் வெளிச்சம் இல்லை. மூலையில் சிரிப்புச் சத்தம்.

ஏற்றிய விளக்கை வாயால் ஊதக் கூடாது. அம்மா ஒவ்வொன்றாகப் பூவால் குளிர வைத்தாள். என்னைத் திட்டக்கூட இல்லை. அப்பா அன்று விரதத்தை முடிக்காமல், மறுநாள் காலை மலையைச் சுற்றி வந்த பிறகுதான் சாப்பிட்டார்.

பள்ளிக்கூடத்தில் அதன்பிறகு எனக்குப் பெயர் முந்திரிக்கொட்டை. நான் வகுப்பில் நுழைந்தால் பின் பெஞ்சியிலிருந்து மெதுவாக "அரோகரா" என்பார்கள். சாமி பெயரைக் கேட்டு உடம்பு நடுங்கும் பெண்ணாக நான்கு வருஷம் இருந்தேன். டீச்சர் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்புவார்கள். போனால் யார் உன்னைக் கூப்பிட்டது என்று டீச்சரிடம் திட்டு விழும். எட்டாவதோடு நின்றுவிட்டேன். கல்யாணத்துக்காக நிறுத்தியதாக ஊருக்குச் சொன்னோம். பிறகு படித்ததெல்லாம் நானாகப் படித்தது.

நீயும் அதே வகுப்பு. கூடச் சிரித்தவள்தான், ஆனால் அவ்வளவாக என்னைச் சீண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

எனக்கும் உள்ளூரிலேயே கல்யாணம் ஆனது. நீ இரண்டு வீடு தள்ளிக் குடிவந்தபோது நான் எப்படிப்பட்டவள் ஆகியிருந்தேன் என்று உனக்குத் தெரியும். கதவைத் தாழ் போட்டுவிட்டேன் என்று வீட்டுக்காரர் சொன்னாலும் எழுந்து போய்ப் பார்ப்பேன். யார் எங்கே போனார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று ஒரு நோட்டு. மகளின் பையைத் தினமும் கவிழ்த்துப் பார்ப்பேன். வீட்டுப்பாடம் என்று அவள் சொன்னதை அவள் சிநேகிதி வீட்டில் போய் விசாரித்துவிட்டு வருவேன். "உன் ஊட்டுக்குப் போலீஸ் ஸ்டேஷனே தேவலாம்டி" என்று நீ கேலி செய்வாய்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு தீபம். மகளுக்கு எட்டு வயது. அன்று மலையை மேகம் மூடியிருந்தது. தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு மொட்டைமாடியில் நின்றேன். என் கண்ணால் பார்த்தால்தான் எங்கள் வீட்டில் விளக்கு. கோவில் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டது. வேட்டு யார் வேண்டுமானாலும் போடலாம். மகள் தெருக்கோடியிலிருந்து ஓடிவந்தாள்.

"ஏத்திட்டாங்கம்மா. மேகம் வெலகிச்சு, நான் பாத்தேன்."

நான் மலையைப் பார்த்தேன். வெறும் புகைமூட்டம். "யாரு சொன்னா?" என்றேன்.

"யாரும் சொல்லலைம்மா. நானேதான் பாத்தேன்."

மறுபடி மறுபடி கேட்டேன். அவள் அழ ஆரம்பித்தாள். தெரு முழுக்க விளக்கு வந்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு நீ படியேறி வந்தாய்.

"ஏண்டி, புள்ள பாத்துட்டு வந்து சொல்றா. அப்புறம் என்ன?"

"எனக்கும் ஒரு தடவை சொன்னாங்க" என்றேன்.

நீ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாய். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"அன்னிக்கு மொதல்ல கத்துனது நான்தாண்டி. சும்மா வெளையாட்டுக்குக் கத்துனேன். நீ ஏத்துவேன்னு நெனைக்கல. என்னை என்ன வேணா பண்ணிக்கோ. ஆனா இவ நான் இல்லடி. இவ உன் பொண்ணு."

மலையை இன்னொரு முறை பார்க்கலாமா என்று இருந்தது. பார்க்கவில்லை. தீப்பெட்டியை எடுத்து மகளிடம் நீட்டினேன். முதலில் அவள் வாங்கவே இல்லை, ஏதோ சோதனை என்று நினைத்துவிட்டாள். பிறகு கீழே போய் ஏற்றினாள். இரண்டு குச்சி வீணானது. எல்லா அகலும் எரிந்த பிறகுதான் மேகம் விலகியது. மலையில் தீபம் நின்று எரிந்துகொண்டிருந்தது.

பதினோரு நாள் உன்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் காரக்குழம்பு கொடுத்தனுப்பினேன். நீ பாத்திரத்தைக் கழுவி, அதில் சர்க்கரை போட்டுத் திருப்பி அனுப்பினாய். பிறகு நீ சாகிறவரை அந்தப் பேச்சை நாம் எடுக்கவே இல்லை.

என் குணம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பால் பொங்கியதா என்று இன்றைக்கும் இரண்டு முறை கேட்கிறேன். ஆனால் மகளின் பையை அதற்குப்பிறகு கவிழ்க்கவில்லை. அவளுடைய கல்யாணப் பேச்சில், பையன் நல்லவன், நான் பேசிப் பார்த்துவிட்டேன் என்று அவள் சொன்னதோடு நானும் விசாரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

கடைசியில் நீ மகனோடு போய் இருந்த வேங்கிக்காலிலிருந்து அவன் வந்து வாசலில் நின்று, "அம்மா போயிட்டாங்க பெரிம்மா" என்றான். ஒருவர் சொன்னது பொய்யாக இருக்கட்டும் என்று அண்ணாமலையாரிடம் நான் கேட்டுக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அவன் கூடவே கிளம்பி வந்து பார்த்தேன். நிஜம்தான்.

மன்னித்துவிட்டேன் என்று உன்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். நீ கேட்கவில்லையே என்று இருந்துவிட்டேன். அந்த வார்த்தை இன்னும் என்னிடமே இருக்கிறது.