வாசலை மறித்த மரச்சீவல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். சியாட்டில் மழை பழகிவிட்டது. அங்கே பனியில் உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

தெருவில் தேவதாரு மரம் ஒன்றை வெட்டினார்கள். செடிகளைச் சுற்றி மண் காயாமல் மூடாக்காகப் போடக் கொஞ்சம் மரச்சீவல் கேட்டேன். காசு வாங்காமல் ஒரு லாரி நிறைய வாசலிலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

"என்ன லோர்னா, வீட்டையே புதைக்கப் போறியா?" என்று சிரித்தபடி எதிர்வீட்டு ஹெய்டி தள்ளுவண்டியோடு வந்தாள். தன் உரக்குழிக்கும் கேட்டாள். இருட்டும்வரை இருவரும் வாரினோம். இங்கே வந்தபிறகு ஒருவரோடு அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

அள்ள அள்ள, அப்பா மரம் அறுக்கும் மில்லிலிருந்து வீடு திரும்பும்போது அடிக்குமே, அதே வாசனை.

"அழறியா?" என்றாள் ஹெய்டி.

"எங்கப்பா வாசனை" என்றேன். அவள் மண்வாரியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அம்மா, அப்பாவின் கம்பளிக் கோட்டை அனுப்பி வை. இங்கே குளிர்கிறது. துவைத்துவிடாதே.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபடி இதை எழுதினேன்; இதோ வந்துவிட்டது.

உன் லோர்னா