சம்பந்தி வீட்டைத் தாண்டி ஓடினேன்

என் அஞ்சலைக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ‘ழ’ போட்டால் கீழ் வரிக்கு இறங்கிவிடுகிறது. இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆகும் என்று நினைக்கிறேன். ஆகட்டும், எனக்கு அவசரமில்லை. ஆடி மாதத்திலிருந்து சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். கைநாட்டு வைத்த உன் புருசன் இப்போது கடிதம் எழுதுகிறான், பார்.

நீ கண்ணை மூடிய பிறகு விடியற்காலையில் வீட்டில் படுத்திருக்கப் பிடிக்கவில்லை. முந்திரிக்காட்டுப் பக்கம் நடந்தேன். நடை எப்போது ஓட்டமானது என்று எனக்கே தெரியாது. மார்கழிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உடையார்பாளையத்திலிருந்து ஜெயங்கொண்டம் வரை ஓட்டப்பந்தயம் வைக்கிறார்கள். பத்து கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

போன வருசம் முதல் தடவை ஓடினேன். பாதி வழியில் நம் வளர்மதியைக் கொடுத்த ஊர். சம்பந்தி வீடு ரோட்டு மேலேயே இருக்கிறதே, அதுதான் வம்பு. சம்பந்தி வாசலில் நின்று, “வாங்க சம்பந்தி, வாங்க” என்றார். கூப்பிட்ட பிறகு எப்படிப் போவது? அரைக்கால் சட்டையும் நெஞ்சில் நம்பரும் வெறுங்கையுமாக உள்ளே போய் உட்கார்ந்தேன். இட்லி, காபி, மழை விசாரிப்பு எல்லாம் முடிந்து ஜெயங்கொண்டம் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நம் செந்திலுக்குக் கோபம். “வயசான காலத்துல எதுக்குப்பா இது? அடுத்த வருசமும் நேரத்துக்கு வந்து சேரலன்னா ஓட்டத்த விட்டுடணும்” என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, விட்டுவிட்டு விடியற்காலையில் நான் என்ன செய்வேன், சொல்லு?

இந்த வருசம் நிற்பதில்லை என்று வளர்மதியிடம் போனில் சொன்னேன். அவள் பயந்துவிட்டாள். “அப்பா, வாசலத் தாண்டிப் போனா மாமாவுக்கு மனசு கோணிடும்ப்பா. நாந்தான் இங்க இருக்கணும்.” அதுவும் நியாயம். சம்பந்தியிடமே போனில் பேசலாம் என்றால், “அட, ஒரு வாய் காபிதானே” என்பார். என்னால் மறுக்க முடியாது. நீ என்ன செய்திருப்பாய்?

நான் கடிதம் எழுதினேன். நான் எழுதிய முதல் கடிதம் உனக்கில்லை, அவருக்குத்தான். கோபித்துக்கொள்ளாதே.

‘சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். ஞாயிறு காலை உங்கள் வாசல் வழியாக ஓடுவேன். வாங்க என்று கூப்பிட்டால் நின்றுவிடுவேன். அதனால் கூப்பிட வேண்டாம். சாயங்காலம் முறையாக வருகிறேன்.’

இதற்கு இரண்டு சாயங்காலம் ஆனது. பதில் வரவில்லை. வளர்மதியும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, கோணிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்குப் பனி என்றால் பனி. முன்னால் ஓடுகிறவன் முதுகு தெரியவில்லை. கால் நன்றாகத்தான் போனது. அந்த ஊர் எல்லை வந்ததும் ரோட்டின் எதிர் ஓரத்துக்கு மாறிக்கொண்டேன்.

பனிக்குள்ளிருந்து வீடு தெரிந்தது. வாசலில் சம்பந்தி, சம்பந்தியம்மா, இடுப்பில் பிள்ளையோடு வளர்மதி. பக்கத்து வீட்டுக்காரர்களும் வரிசையாக நின்றார்கள். அத்தனை பேரும் கைகூப்பியபடி இருந்தார்கள். ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. சம்பந்தி துண்டால் வாயைப் பொத்தியிருந்தார்.

எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் பழக்க தோசத்தில், “வா...” என்று ஆரம்பித்துவிட்டார்.

“சும்மா இருங்கண்ணே! கூப்புட்டா நின்னுடுவாரு!” என்று சம்பந்தியம்மா ஒரு அதட்டு அதட்டினாள் பார்!

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. நானும் கைகூப்பிக்கொண்டே ஓடினேன். நாலு வீடு தாண்டிய பிறகுதான் பின்னாலிருந்து சத்தம் வந்தது. “ஓடுங்க சம்பந்தி, ஓடுங்க!” தெருவே கத்தியது. அதற்குப் பிறகு நான் எங்கே ஓடினேன்? அந்தச் சத்தம் என்னைத் தூக்கிக்கொண்டு போனது.

பந்தல் அப்படியே நின்றது. செந்தில் போனில் நேரம் பார்த்தபடி நின்றிருந்தான். “எம்பத்தாறு நிமிசம்ப்பா” என்றான். நான்கு நிமிசம் மிச்சம், அஞ்சலை.

சாயங்காலம் வேட்டி சட்டை போட்டு, பூ, பழத்தோடு செந்திலையும் கூட்டிக்கொண்டு போனேன். “ஒரு தெருவையே வாய மூட வச்சிட்டீங்களே சம்பந்தி, நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்” என்றார் சம்பந்தி. என் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் செந்தில், “அடுத்த வருசம் நானும் வரேன்ப்பா. எனக்காவக் கொஞ்சம் மெதுவா ஓடுவீங்களா?” என்றான்.

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நாளையிலிருந்து அவனை ஐந்து மணிக்கு எழுப்பப் போகிறேன். பையன் எத்தனை நாள் தாங்கினான் என்பதை அடுத்த வாரம் உட்கார்ந்து உனக்கு எழுதிவிடுவேன், இது சத்தியம்.

நீ ‘வளர்மதி அப்பா’ என்று கூப்பிட்ட
உன் வீட்டுக்காரன்,
கலியமூர்த்தி